அக்கா தடவிப் பார்த்த பீங்கான் பொம்மைகள்

அக்கா மறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலர் போட வேண்டும், அதில் ஒரு கட்டுரை இருக்க வேண்டும், கூடப் பிறந்தவன் எழுதினால்தான் மரியாதை என்று சித்தப்பா சொன்னார். நான் மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில் பிட்டர் வேலை பார்ப்பவன். எழுதிப் பழக்கமில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். அக்காவை நினைத்தால் மனதில் ஒன்றும் அசையவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல இருக்கிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். குறை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பழவேற்காடு ஏரியின் தெற்குக் கரையிலுள்ள எங்கள் ஊரில், நைனாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பெண்ணாகப் பிறந்தார். அவருக்கு அடுத்துப் பிறந்த இருவரும் தங்கவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து நான் பிறந்தேன். எங்கள் வீட்டில் வலையும் கிடையாது, படகும் கிடையாது. கையால் இறால் தடவிப் பிழைத்த குடும்பம். ஆழமில்லாத தண்ணீரில் தவழ்ந்தபடி போய், சேற்றுக்குள் விரல்விட்டுத் துழாவி, அகப்பட்டதைப் பல்லில் கடித்திருக்கும் ஓலைப் பறிக்குள் போட்டுக்கொள்வார்கள். அக்கா ஏழு வயதில் ஏரியில் இறங்கினார். சேற்றுக்குள் கிடப்பது இறாலா, நண்டா, வெறும் ஓடா என்று விரல்நுனி பட்டவுடனே அவருக்குத் தெரிந்துவிடும் என்று அம்மா சொல்லுவார்.

இருபது வயதில் அக்காவைக் காட்டுப்பள்ளிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். மாமாவுக்குக் கடல் தொழில். மூன்றாம் வருடம் மஞ்சள் காமாலையில் மாமா போய்விட்டார். அக்கா ஒரு டிரங்குப் பெட்டியோடு ஊருக்குத் திரும்பினார். அடுத்த இரண்டு வருடத்துக்குள் நைனாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகக் காலமானார்கள். அக்காவுக்கு மறுபடி சம்பந்தம் பேச வந்தவர்களிடம், "இவன் பத்தாவது முடிக்கட்டும்" என்றார். நான் பத்தாவது முடித்தேன், ஐ.டி.ஐ.யும் முடித்தேன். அந்தப் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவும் இல்லை.

ஏரியில் இறால் குறைந்துகொண்டே வந்தது. அக்கா பட்டணத்துக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பினார். விடிந்ததும் ஷேர் ஆட்டோவில் அனுப்பம்பட்டு ஸ்டேஷன், அங்கிருந்து ரயில், சென்ட்ரலில் இறங்கி வேப்பேரிக்கு நடை. அங்கே ஒரு பழைய மாடி வீட்டில், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்திய அம்மா ஒருவர் தனியாக இருந்தார். அக்கா அவரை டீச்சரம்மா என்றுதான் சொல்லுவார். அவர் வீட்டுக் கூடத்தில் ஆளுயரக் கண்ணாடி அலமாரி ஒன்று இருந்தது. உள்ளே முழுக்கப் பீங்கான் பொம்மைகள். ஆட்டுக்குட்டியை அணைத்த பெண், பிடில் வாசிக்கிறவன், பாவாடை விரிய ஆடுகிறவள், நாய்கள், பறவைகள். எல்லாம் ஐரோப்பாவில் நூறு நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் செய்தவை, அவருடைய பாட்டி காலத்துச் சொத்து. வீட்டில் எதை வேண்டுமானாலும் துடைக்கலாம், அந்த அலமாரிப் பக்கம் மட்டும் போகக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாராம்.

ஆறேழு மாதம் போனது. டீச்சரம்மாவுக்குக் கை நடுக்கம் அதிகமாகி, பொம்மைகளைத் தானே துடைக்க முடியாமல் போயிற்று. அக்காவைக் கூப்பிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஆட்டுக்காரப் பெண்ணை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்த அக்கா, "இதுக்குக் கழுத்துல ஒட்டு வெச்சிருக்கும்மா" என்றார். டீச்சரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அது முழுப் பொம்மை, தன் கண்ணெதிரிலேயே இத்தனை வருடமும் இருப்பது என்றார். பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, கழுத்து மணிமாலைக்கு அடியில் சுற்றி ஒரு கோடு இருந்தது. மேலே வண்ணம் பூசி மறைத்திருந்தார்கள்.

அதன் பிறகு டீச்சரம்மா அக்காவின் கண்ணைத் துண்டால் கட்டி நாலு பொம்மைகளைக் கையில் கொடுத்துப் பார்த்தாராம். நாயின் காதையும் பிடில்காரனின் மணிக்கட்டையும் அக்கா சரியாகச் சொல்லிவிட்டார். மற்ற இரண்டும் முழுசு என்றார். அதுவும் சரி. அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்து இதை எனக்குச் சொன்னபோது இருந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சேற்றில் துழாவிய விரலுக்கு வேறொரு உபயோகம் இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

டீச்சரம்மா இருந்தவரை அக்காவுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். பொம்மையைத் திருப்பினால் அடியில் இருக்கும் நீல முத்திரைகளை அக்கா பார்த்துப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. படகில் தீட்டிய அடையாளத்தை வைத்து அது எந்த ஊர்ப் படகு என்று சொல்கிற மாதிரி, முத்திரையை வைத்து இது இன்ன தேசம், இது போலி என்று சொல்லுவார். ஆட்டக்காரியின் லேஸ் பாவாடை எப்படிச் செய்தார்கள் என்பதை வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் விளக்குவார். நிஜமான லேஸ் துணியைக் கரைத்த பீங்கான் மண்ணில் தோய்த்துச் சூளையில் வைப்பார்களாம். நூல் எரிந்து போய்விடும். அதன் மேல் படிந்த மண் மட்டும் லேஸாகவே நிற்கும். "துணி இல்ல, துணி இருந்த எடம்" என்பார்.

டீச்சரம்மா தன் கையாலேயே அந்தக் கழுத்து ஒட்டிய ஆட்டுக்காரப் பெண்ணை அக்காவுக்குக் கொடுத்தார். அவர் காலமான பின் மற்றவற்றை வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர்கள் கட்டி எடுத்துப்போனார்கள். அந்த ஒன்றிலிருந்து அக்கா சேர்க்க ஆரம்பித்தார். பழைய சாமான் கடை, நடைபாதைக் கடை, இடிக்கப்போகிற பங்களாக்களில் சாமான் எடுக்கிறவர்கள் என்று எங்கெங்கோ தேடிப் போனார். பெரும்பாலும் கை போனது, மூக்கு போனதுதான் அவருக்குக் கட்டுப்படியாகும். உடைந்ததை ஒட்டவும் மாட்டார். இருக்கிறபடி இருக்கட்டும் என்பார். எங்கள் ஊரில் சிலர், பழவேற்காட்டிலுள்ள பழைய டச்சுக்காரர் கல்லறையில் தோண்டி எடுத்ததாகப் பேசினார்கள். அக்கா அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, பாயில் உட்காரவைத்து, டீ கொடுத்து, பொம்மைகளைக் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பேச்சு நின்றுபோயிற்று. மொத்தம் முப்பத்தேழு பொம்மைகள். நான் இரும்புச் சட்டம் அடித்து, கண்ணாடி போட்டு, ஒரு அலமாரி செய்துகொடுத்தேன்.

பட்டணத்தில் பழம்பொருள் கடை வைத்திருந்த ஒருவர் அக்காவின் கைத்திறனைக் கேள்விப்பட்டு வேலைக்குக் கூப்பிட்டார். வருகிற பொம்மைகளைக் கழுவி, எதில் ஒட்டு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். நாலு வருடம் மரியாதையாகப் போனது. ஒருநாள் பெங்களூரிலிருந்து ஒருவர் லேஸ் பாவாடை ஆட்டக்காரி ஒன்றை வாங்க வந்தார். அதற்கு இடது கை ஒட்டு. கடைக்காரர் முன்கூட்டியே அக்காவிடம், கேட்டால் முழுசு என்று சொல்லச் சொல்லியிருந்தார். வந்தவர் நேராக அக்காவிடமே கேட்டார். "முழங்கைக்கு மேல ஒட்டு சார்" என்றார் அக்கா. அன்றோடு வேலை போயிற்று.

நான் அக்காவைக் கடிந்துகொண்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று கேட்டேன்.

"ஆசைப்பட்டு வாங்குறாரு. இன்னா இருக்குதுனு தெரிஞ்சு வாங்கட்டுமே" என்றார். அதற்கு மேல் அந்தக் கடையைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை.

சில வருடம் முன்பு புயல் மழையில் ஊருக்குள் தண்ணீர் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எல்லோரும் ரேஷன் கார்டையும் பாயையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். அக்கா தன் புடவைகளையெல்லாம் கிழித்து ஒவ்வொரு பொம்மையையும் சுற்றி, கல்யாணச் சோறு வடிக்கிற இரண்டு பெரிய அலுமினிய அன்னக்கூடைகளில் அடுக்கினார். ஒன்றை நான் தூக்கினேன். ஒன்றை அவர் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தார். பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தபோது ஒரு பறவையின் அலகு மட்டும் போயிருந்தது. அடுத்த ஒரு மாதம் அக்கா என் மனைவியின் புடவையைத்தான் கட்டினார்.

அதற்குப் பிறகு சர்க்கரை வந்தது. அக்கா மாத்திரையை ஒழுங்காகப் போடுவார், கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்பார். விரல் மரத்துப்போக ஆரம்பித்ததை எங்களிடம் சொல்லவில்லை. சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்கியதை என் மனைவி இரண்டு தடவை பார்த்திருக்கிறார்.

போன வருடம் பொங்கல் கழிந்து, அக்கா நடைபாதைக் கடை ஒன்றில் ஒரு பொம்மை வாங்கி வந்தார். மீன்காரப் பெண். நீலச் சட்டை, வெறுங்கால், இடுப்பில் கூடை. ஐரோப்பாவிலும் நம்மைப் போலக் கூடை சுமந்த பெண்கள் இருந்திருக்கிறார்கள் என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். என் கையில் கொடுத்து, "முழுசுடா. ஒரு ஒட்டு இல்ல. நல்லாத் தடவிப் பாத்துட்டேன்" என்றார்.

நான் பொம்மையைப் பார்த்தேன். கூடையைப் பிடித்த கையின் மணிக்கட்டில் கோடு இருந்தது. பசை மஞ்சளாகித் தெரிந்தது. அதைப் பார்க்க விரலே வேண்டாம், கண் போதும். என் மனைவியும் பார்த்துவிட்டு வாயைத் திறக்கப் போனார். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். "நல்லா இருக்குதுக்கா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அக்கா அதை அலமாரியின் நடுத்தட்டில் வைத்தார்.

மூன்று மாதம் அது அங்கேயே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா எல்லாவற்றையும் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். மீன்காரப் பெண்ணை வாசல் வெயிலில் தூக்கிப் பிடித்தவர் அப்படியே நின்றார். பிறகு மணிக்கட்டைக் கட்டைவிரலால் தடவினார். மறு கையால் தடவினார். கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். நான் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது. வெளியே வரவில்லை. அக்கா பொம்மையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்துத் துடைத்தார்.

மறுநாள் நான் வேலைக்குப் போன பிறகு, அக்கா பரணிலிருந்து பழைய பறியை இறக்கி எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனார். அறுபது வயதில், ஏறத்தாழ முப்பது வருடம் கழித்து. கைக்கு இன்னும் ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கத்தான் போனார் என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டு அத்தை கரையிலிருந்து கூப்பிட்டும் வரவில்லையாம். மத்தியானம்வரை தண்ணீரிலேயே இருந்தார். ஒரு கைப்பிடி இறாலோடு வீட்டுக்கு வந்தார். என் மனைவியிடம், "கைக்கு ஒண்ணும் தெரில. அதா துள்ளிச்சு, புடிச்சேன்" என்று சொல்லிச் சிரித்தாராம். வாசலிலிருந்து அடுப்படிவரை ரத்தக் கால்தடம் இருப்பதை என் மனைவிதான் பார்த்தார். சிப்பி ஓடு உள்ளங்காலைக் கிழித்திருந்தது. அக்காவுக்கு அது தெரியவே இல்லை. காலும் மரத்துப்போயிருந்தது.

நாலே நாளில் கால் வீங்கிக் கறுத்தது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பட்டணத்துக்கு அனுப்பினார்கள். காலை எடுத்தார்கள். எடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் காலை, காப்பி குடிக்கிறீர்களா என்று நர்ஸம்மா கேட்கும்போது அக்கா மூச்சு நின்றிருந்தது.

காரியங்களில் நான் அழவில்லை என்று உறவினர்கள் சிலர் பேசிக்கொண்டது என் காதுக்கு வந்தது. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. உண்மைதான். பந்தல் போட ஆள் பார்த்தேன், சாமியானா சொன்னேன், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். ஒரு வருடமாக வேலைக்குப் போகிறேன், வருகிறேன். பொம்மைகளை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கிறார்கள். அலமாரியில்தான் இருக்கின்றன. தூசி படிகிறது. துடைக்க வேண்டும்.

அக்காவின் கால் காயத்துக்கு முதலில் மஞ்சள் வைத்துக் கட்டிய பக்கத்து வீட்டு அத்தைக்கும், ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நாள் ஆட்டோவோடு காத்திருந்த தம்பிக்கும், ரத்தம் கொடுத்த என் கம்பெனி நண்பர்களுக்கும், அக்காவைச் சொந்தத் தாயைப் போல் குளிப்பாட்டிவிட்ட என் மனைவிக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவை வேலையிலிருந்து நிறுத்திய அந்தக் கடைக்காரர், அக்கா காலமான எட்டாம் நாள் பூமாலையோடு வந்து, அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். அவருக்கும் நன்றி.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் ஏழாம் நாள் மத்தியானம் அக்காவுக்கு நல்ல நினைவு இருந்தது. கஞ்சி குடித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த மீன்காரி கையில இருந்த ஒட்ட அன்னிக்கே நீ பாத்தியாடா?" என்று கேட்டார்.

"இல்லக்கா, நான் பாக்கல" என்றேன்.

அக்கா தலையை ஆட்டினார். "எனக்குத் தெரிலனா பரவால்ல, வயசாயிடுச்சு. நீ தெரிஞ்சும் சொல்லாம வுட்டியோனுதா நெனச்சினு இருந்தேன்" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். முகம் தெளிவாக இருந்தது.

பார்த்தேன் அக்கா. வாங்கி வந்த அன்றைக்கே பார்த்தேன்.