பிறந்த திகதி கேட்ட கோச்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டொரொன்டோவுக்கு வந்து, வோபர்னில் ஒரு அப்பார்ட்மென்டில் முதல் குளிர்காலத்தைத் தள்ளிவிட்டு, காளான் பண்ணையில் வேலை கிடைத்ததால் நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளியிருந்த ஒரு சின்ன ஊருக்குக் குடிபோனோம். நான், கணவர், ஒரே மகள். சுற்றிவரச் சோளக் காணிகள். அந்த ஊரில் தமிழ் பேசிய ஒரே வீடு எங்களுடையதுதான். கறிவேப்பிலை வேண்டுமென்றாலும் சனிக்கிழமை, நகரத்தில் தமிழ்க் கடைகள் இருந்த ஸ்காபரோவுக்குப் போக வேண்டும்.

நான் இயல்பிலேயே சந்தேகக்காரி. கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். நாலாம் தரம் தான் இழுக்கட்டுமா என்று கணவர் கேலி செய்வார். போதாக்குறைக்கு அப்போது எங்களிடம் ஒளிக்கவும் ஒரு விஷயம் இருந்தது. காசு வாங்கி எங்களை விமானம் ஏற்றிவிட்ட ஏஜென்சிக்காரன் மகளுக்குக் கொடுத்த பாஸ்போர்ட் வேறொரு பிள்ளையுடையது. அதிலிருந்த பிறந்த திகதியின்படி அவளுக்கு இரண்டு வயது குறைவு. விமான நிலையத்தில் விசாரித்தபோது பயத்தில் நானும் அதே திகதியைச் சொல்லிவிட்டேன். சொன்னது பேப்பரில் ஏறிவிட்டது. பதினாறு வயதுப் பிள்ளை பதினான்கு ஆனாள். எங்களை அகதிகளாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், ஆனால் நிரந்தர வதிவிடப் பேப்பர் வரவில்லை. அது கைக்கு வரும்வரை இதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

பள்ளிக்கூடம் ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில். அந்த ஊருக்குத் திருவிழா என்று ஒன்று உண்டென்றால், அது அந்த அரசாங்கப் பள்ளியின் மே மாத ஓட்டப் போட்டிதான். விவசாயிகளே ட்ராக்டர் கொண்டுவந்து புல் வெட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுப்பார்கள். ஜிம்முக்குப் போகும் வழியில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு மரப்பலகை. இளையோர், மூத்தோர் என்று பிரித்து, சாதனை நேரத்தில் ஓடியவர்களின் பெயர்களைப் பொன்னிறத்தில் எழுதியிருப்பார்கள். யாராவது சாதனையை முறியடித்தாலும் பழைய பெயரை அழிக்க மாட்டார்கள். அதற்குக் கீழே புதுப் பெயரை எழுதுவார்கள். தகப்பன் பெயரும் மகன் பெயரும் ஒரே பலகையில் இருந்த குடும்பங்கள் அங்கே இருந்தன.

என் மகள் இவ்வளவு வேகமாக ஓடுவாள் என்று எனக்கே தெரியாது. அந்த ஏப்ரலில், பயிற்சியின்போது எண்ணூறு மீட்டரை இளையோர் சாதனையைவிடக் குறைந்த நேரத்தில் ஓடிவிட்டாளாம். அன்றைக்குத்தான் என்னைச் சனி பிடித்தது.

முதலில் ஓட்டம் பழக்கிய கோச் அவளுடைய பையில் ஒரு துண்டுக் கடிதம் வைத்து அனுப்பினார், பிறந்த திகதியை உறுதிப்படுத்தும்படி. பிறகு போன் எடுத்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிக்கப் ட்ரக்கில் வீட்டுக்கே வந்துவிட்டார். உயரமான மனிதர், சிரித்த முகம். கையில் ஒரு ஃபோம், கழுத்தில் கமரா. வாசலில் வைத்து மகளைப் படமும் எடுத்தார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் போனதும் மகளைப் பிடித்தேன். "பிள்ளை, உவர் ஏன் திருப்பித் திருப்பி உதையே கேக்கிறார்?"

"ஃபோம் நிரப்ப அம்மா. ஒரிஜினல் பேப்பரும் பாக்கவேணுமாம்."

உடனே கணவரிடம் போய், "படமும் எடுத்துக்கொண்டு போறார், கண்டியளோ?" என்றேன்.

"நீர் சும்மா இரும். ஓடுற பிள்ளையைக் கோச் படம் எடுக்காமல், உம்மையே எடுக்கிறது?" என்று சொல்லிவிட்டு அவர் தேநீரைக் குடிக்கத் தொடங்கினார்.

எனக்கு அது போதவில்லை. ஸ்காபரோவில் பழகிய ஒரு அன்ரிக்குப் போன் எடுத்தேன். அவர் என்னைவிட இரண்டு மடங்கு சந்தேகக்காரி. "இமிகிரேசனுக்கு எல்லா இடத்திலையும் ஆள் இருக்காம். உவை சிரிச்சுச் சிரிச்சுத்தான் விசாரிப்பினம்" என்றார். அவ்வளவுதான். இனி ஓட்டமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அவர் இமிகிரேசன் இல்லை அம்மா. நான் போட்டியில சாதனையை முறிச்சால் பேரைப் பலகையில எழுதவேணும். அதுக்குத்தான் வயசு பாக்கினம். என்னோட ஓடுற பிள்ளைக்கு உண்மையாவே பதினாலு. ஒவ்வொரு நாளும் நான் அவளை வெல்லுறன். அவள் வந்து எனக்குக் கை குடுக்கிறாள். எனக்குக் கூசுது."

அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. ஆனால் சொன்னது வேறு. "கூசினால் கூசட்டும். முதல்ல பேப்பர் வரட்டும்."

போட்டிக்கு மட்டும் போக விடும்படி கெஞ்சினாள். கணவரும் அவள் பக்கம். சரி, ஆனால் நானும் வருவேன் என்றேன். கோச்சை என் கண்பார்வையில் வைத்திருப்பதுதான் நோக்கம். பண்ணையில் லீவு எடுத்துக்கொண்டு போனேன்.

மைதானத்தைச் சுற்றி பிக்கப் ட்ரக்குகள். பின்பக்கக் கதவைத் திறந்து அதில் குந்தியிருந்து சனம் கோப்பி குடித்தது. என்னைப் பார்த்துச் சிரித்த ஒவ்வொருவரையும், இவருக்கு என்ன தெரியும் என்று யோசித்தபடி பார்த்தேன். ஒரு பெண் மடக்குக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நின்றுகொண்டே இருந்தேன்.

திடீரென்று மகள் கோச்சின் மேசையை நோக்கி நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவள் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். எனக்கு விளங்கியது ஒரு சொல்தான், 'சீனியர்.' தன்னை மூத்தோர் பிரிவில் ஓட விடும்படி கேட்கிறாள்!

அவர் மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், கொஞ்சம் அதிக நேரம். இனி 'ஏன்' என்று கேட்பார், இவள் சொல்லப் போகிறாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் மெதுவாக ஏதோ சொன்னார். பிறந்த திகதிக்கு இடம் விட்டிருந்த ஃபோமைக் கோப்புக்குள் வைத்து மூடினார். மகளுக்கு வேறு இலக்கத் துண்டு ஒன்றைக் கொடுத்தார்.

"என்னவாம்?" என்றேன்.

"பெரியாக்களோட ஓடுறதுக்கு ஒருத்தரும் பேப்பர் பாக்கிறேல்லையாம் அம்மா. சின்னாக்களோட ஓடத்தானாம் வயசு காட்டவேணும். ஆனால் வெல்லுறது கஷ்டமாம், அவையின்ர சாதனை நேரம் இன்னும் குறைவாம், அதால பேரும் ஏறாதாம், சம்மதமோ எண்டு கேட்டார். ஓம் எண்டிட்டன்."

எட்டுப் பேர் ஓடினார்கள். என் மகள் நான்காவதாக வந்தாள். கோட்டைத் தாண்டியதும் புல்லில் விழுந்து கிடந்தாள். பயந்துபோய் ஓடிப்போய்ப் பார்த்தால், மூச்சு வாங்க வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இண்டைக்குத்தான் நான் சரியா ஓடினனான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை சனத்துக்கு நடுவில், காலணியோடு புல்லில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதேன்.

வதிவிடப் பேப்பர் வரும்வரை நான் காத்திருக்கவில்லை. அந்தக் கோடையிலேயே ஒரு வக்கீலைப் பிடித்து உண்மைத் திகதியைச் சொன்னோம். கேள்விகள் வந்தன, பேப்பர் பிந்தியது, பயத்தில் நான் மெலிந்தும் போனேன். ஆனாலும் வந்து சேர்ந்தது. கோச்சுக்கு அன்றைக்கே எல்லாம் விளங்கிவிட்டதா, இல்லை ஒரு பிள்ளையின் விருப்பத்துக்கு விட்டுக்கொடுத்தாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. கேட்கவும் எனக்குத் துணிவு வரவில்லை.

ஒரு மாதம் முழுக்க அந்த மனிதரைக் கள்ளனைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன், ஆனால் பொய்யைக் கையில் வைத்திருந்தது நான். சந்தேகக் குணம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை, ஆனால் இப்போதெல்லாம் ஒருவர்மேல் சந்தேகம் எழும்போது, நான் எதை ஒளித்துக்கொண்டு இவருக்குப் பயப்படுகிறேன் என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.