எழுபத்தெட்டுக் கிலோவுக்கு மேல் ஒருவர்

நிலானி அக்கா இன்று அதிகாலை இறந்துவிட்டார். டெங்கு. ஐந்து நாள் காய்ச்சல்தான்...

தெரியாதவர்களுக்கு: நாங்கள் ஜூடோ பழகிய கிளப்பில் மூத்த பிள்ளை அவர். பெரியகல்லாற்றில், சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடொன்றில் அப்பாவோடு இருந்தார். இருபது வயது.

கிளப் பிள்ளைகள் காலையிலிருந்து போன் எடுக்கிறார்கள். "நீதானே அவட பெஸ்ட் ஃப்ரெண்ட், நீயே அஞ்சலி எழுது. நீதான் வடிவா எழுதுவாய்."

எழுதுகிறேன். ஆனால் அவர்கள் கேட்டது இதுவல்ல.

கிளப்பில் மற்றப் பிள்ளைகள் எல்லோரும் நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு கிலோ. அக்காவும் நானும் மட்டும் ஹெவிவெயிட். மாஸ்டர் எல்லோரையும் ஒரே மாதிரிப் பாலம் வரை ஓடவிடுவார். எங்கள் இருவருக்கும் முழங்கால் வீங்கிவிடும்.

லைப்ரரியில் பழைய இங்கிலிஷ் ஸ்போர்ட்ஸ் புத்தகம் ஒன்றில் வேறு வழி கண்டேன். மேட்ச் நான்கு நிமிடம்தான், அதற்கு நீண்ட ஓட்டம் வேண்டாம். எதிராளியைப் பிடித்து, தூக்கி எறிவதற்காகத் திரும்பி அவரோடு ஒட்டி நுழைவதை இருபது செக்கன் முழு வேகத்தில் செய்யவேண்டும். பத்து செக்கன் ஓய்வு. அப்படி எட்டு முறை. டிக்‌ஷனரி வைத்துத் தமிழில் எழுதிக்கொண்டு போனேன்.

"பத்துச் செக்கனா? எச்சில் விழுங்கவே காணாதுகா" என்றார் அக்கா. பிறகு பெல்ட்டை இறுக்கினார். "சரி. நீ எண்ணு, நான் செய்யிறன்."

எங்கள் மெத்தை, சுனாமி நிவாரணத்துக்கு வந்த மெத்தைகளை அடுக்கி மேலே தறப்பாள் இழுத்துக் கட்டியது. மத்தியானத்தில் கால் சுடும். ஆறாவது ரவுண்டில் அக்காவின் மூச்சு தறப்பாள் காற்றில் அடிப்பது போலக் கேட்கும். நான் இரக்கப்பட்டு மெதுவாக எண்ணினால் கண்டுபிடித்துவிடுவார். "களவா எண்ணாத, புள்ள."

எதிரே நிற்பது நான்தான். நாற்பத்தெட்டுக் கிலோப் பிள்ளையைத் தூக்கிப் பழகி ஹெவிவெயிட் மேட்ச் வெல்ல முடியாது. என்னைவிட்டால் அவருக்கு வேறு ஆள் இல்லை.

ஐந்து மாதம் ஒருநாள் விடாமல் செய்தார்.

கிளப் வேலிக்கு வெளியே பெடியன்கள் நிற்பார்கள். அக்கா வெளியே வந்தால், "முதலாம் அலை வருது, ஓடுங்கடா." பின்னால் நான் வந்தால், "அந்தா ரெண்டாம் அலை."

அக்காவின் அம்மாவும் தம்பியும் சுனாமியில் போனவர்கள். அது அந்தப் பெடியன்களுக்கும் தெரியும்.

அக்கா நின்று திரும்பிப் பார்த்தார். "ரெண்டாவதுதான்டா பெரிசு. வந்து பிடிச்சுப் பாருங்க." என் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார்.

நான் செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்து, அந்தக் கையிலிருந்து விலகினேன்...

யுத்தம் முடிந்து, ஆமிச் சென்ட்ரிகளில் சோதனைக்கு இறங்கி ஏறாமல் பஸ் நேரே மட்டக்களப்பு டவுனுக்குப் போகத் தொடங்கிய காலம். மாவட்டப் போட்டி வந்தது. அடுத்த வருடம் அக்காவுக்கு வயது கூடிவிடும். இதில் வென்றால்தான் மாகாணத்துக்குப் போகலாம்.

"எழுபத்தெட்டுக் கிலோவுக்கு மேல ரெண்டு பேர் இருந்தாத்தான் அந்தப் பிரிவு நடக்கும். ரெண்டு பேரும் கட்டாயம் நிக்கோணும்" என்று மாஸ்டர் எங்களிடம் சொன்னார். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அக்கா தொண்ணூற்றிரண்டு கிலோ. நான் எண்பது.

போட்டியன்று எங்கள் ஸ்கூல் பிள்ளைகள் வருவார்கள். என் பெயரோடு மைக்கில் "எழுபத்தெட்டுக்கு மேல்" என்று சொல்வார்கள். எனக்கு அது மட்டும்தான் தலைக்குள் இருந்தது.

நான்கு நாள் சோறு சாப்பிடவில்லை. கடைசி நாள் தண்ணீரும் குடிக்கவில்லை. ரெயின்கோட் போட்டுக்கொண்டு வெயிலில் வளவைச் சுற்றி ஓடினேன். வேறு கிளப்பிலிருந்து யாராவது பாரமான பிள்ளை வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தராசில் எழுபத்தேழு கிலோ எண்ணூறு கிராம்.

வேறு யாரும் வரவில்லை. எழுபத்தெட்டுக்கு மேல் ஒருவர்தான். பிரிவு ரத்து.

அக்கா ஜூடோ உடுப்போடு நின்றார். என்னிடம் வந்து முகத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"என்னகா இப்பிடி வத்திப்போய் நிக்காய்?"

"வயித்தோட்டம், அக்கா."

"எத்தின நாளா?"

"நாலு நாள்."

"விசரி. மறுகா ஏன் வந்த நீ? வீட்ட கிடக்கிறதுக்கு." போய் குளுக்கோஸ் கரைத்துக்கொண்டு வந்தார். கீழ்ப் பிரிவில் நான் என் மேட்ச்சை ஒரு நிமிடத்துக்குள் தோற்றேன். மெத்தை ஓரத்திலிருந்து எனக்காகக் கத்தியது அவர் ஒருவர்தான்.

அடுத்த நாள் பஸ் ஏறிக் களுவாஞ்சிக்குடிக்கு எங்கள் வீடு தேடி வந்தார். வயித்தோட்டத்துக்குக் கைமருந்தாக, மாதுளங்கோது அவித்த தண்ணீர் ஒரு போத்தலில்.

"ஆருக்கு வயித்தோட்டம்?" என்று அம்மா கேட்டார். "இவவுக்கு ஒண்டுமில்லையே. ரெயின்கோட்டப் போட்டுக்கிட்டு ஓடினா, நிறை குறைக்கிறனெண்டு..."

அக்கா என்னைப் பார்த்தார். போத்தலை மேசையில் வைத்தார்.

"ஓம் அன்ரி... சும்மாதான் கொண்டந்த நான். வெயிலுக்கு நல்லம்."

தேத்தண்ணி குடித்தார். படிப்பு எப்படி என்று கேட்டார். போய்விட்டார்.

ஒருவரிடமும் அவர் அதைச் சொல்லவில்லை. அதனால்தான் உங்கள் ஒருவருக்கும் தெரியாது. அதற்குப் பிறகும் அவர் கிளப்புக்கு வந்து சின்னப் பிள்ளைகளுக்கு நேரம் பிடித்தார். சோதனை, டியூஷன் என்று சொல்லி நான்தான் போகவில்லை. காய்ச்சல் என்று கேள்விப்பட்டும் போகவில்லை.

பின்னேரம் மூன்று மணிக்கு உடலை எடுக்கிறார்களாம். என்னைக் கூட்டிப்போக என் அப்பா மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்துவிட்டார்.

அக்கா, நான் வேண்டுமென்றுதான் செய்தேன்.

போய்வாருங்கள்.