தெலுங்கில் போட்ட கணக்கு

மகளுக்குக் கணக்கு வராது, பத்தாவதில் பெயிலாகிவிடுவாள் என்று அவளுடைய ஆசிரியர் சொன்னதைக் கேட்டுவிட்டு, திருத்தணி பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். மலையில் மொட்டையடித்த குழந்தை ஒன்று அம்மாவின் தோளில் தூங்கியபடி என்னைக் கடந்து போனது. அதன் தலைச் சந்தனம் குளிர்ச்சியாக மணத்தது.

சின்ன வயதில் ஒருநாள், அதே சந்தனம் என் தலையிலும் காயாமல் இருக்க, மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். ஓட்டு இடுக்கில் இறங்கிய வெயிலில் சாக்பீஸ் தூள் மெல்ல மிதந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் தெலுங்குதான் பேச்சு; அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். வகுப்பில் நான் வாயே திறந்ததில்லை. என்னைத் தறி வேலைக்கு அழைத்துப்போக நைனா வந்து வாசலில் நின்றார்.

"இவன் மண்டையில ஒண்ணும் ஏறலைங்க டீச்சர். கூட்டிகினு போறேன்."

டீச்சர் என் பக்கம் குனிந்தார். "ஏழும் எட்டும் எவ்ளோடா? வீட்ல எப்படி எண்ணுவியோ அப்படியே சொல்லு."

"பதிஹேனு" என்றேன். வகுப்பே சிரித்தது.

"பதினஞ்சுன்னு சரியாத்தானே சொல்றான்? எதுக்குடா இளிக்கிறீங்க?" என்றவர் நைனாவிடம் திரும்பினார். "படிப்பு வராத புள்ளைன்னு யாரும் இல்லைங்க. எந்தப் பக்கமா வருதுன்னு நாமதான் பாக்கணும். இவன் இங்கயே இருக்கட்டும்."

"ஆங்" என்று சொல்லிவிட்டு நைனா தனியாகத் திரும்பிப் போனார்.

நான் பஸ் பிடித்து வந்து வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் கேட்டாள். "சார் என்னப்பா சொன்னாரு?"

ஆசிரியர் கொடுத்தனுப்பிய அவளுடைய விடைத்தாளை அவள் முன்னால் வைத்தேன். "இந்தக் கணக்கை நீ எப்படி யோசிச்சே? தப்பா இருந்தாலும் பரவால்ல, சொல்லும்மா."

சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தாள். எனக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் குறுக்கே பேசவில்லை.