வாரேன் என்று சொன்ன வீடு

நான் ரேஷன் கடையில் வேலை பார்க்கிறவள். பரளச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கடை. கை ரேகையை ஒத்துக்கொள்ளாத மிஷினோடும், பருப்பு ஏன் இன்னும் வரவில்லை என்று என்னைப் பிடித்துக் கேட்கிறவர்களோடும் நாள் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு, ரெண்டு பஸ் மாறிப் பாளையம்பட்டியில் வந்து இறங்கும்போது எனக்கு எந்த மனுச முகத்தையும் பார்க்கப் பிடிக்காது. யாராவது சிரித்தால்கூட, அடுத்து சீனி எப்போது போடுவீர்கள் என்று கேட்பார்களோ என்றுதான் தோன்றும்.

வீடு கட்டிக் குடிவந்த புதிதில் என் வீட்டுக்காரர், தெருவில் நாலு பேரோடு பழகு, ஆத்திர அவசரத்துக்கு வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சொல்வதற்கு என்ன? அவர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினால் வாரக்கணக்கில் வீட்டுப் பக்கம் எட்டிப்பார்க்க மாட்டார். பழக வேண்டியது நான்தானே. எனக்கு அலுப்பாக இருந்தது. இருக்கிற ஜனத்தோடு பேசியே வாய் வலிக்கிறது, இதில் புதுசாக வேறு ஆள் பிடிக்க வேண்டுமா?

எங்கள் தெரு பிளாட் போட்டு விற்ற இடம். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே காலி மனை, மனை முழுக்கச் சீமைக்கருவேலம். ஒருவர் திருச்சுழியிலிருந்து வந்தவர், ஒருவர் வீரசோழனிலிருந்து வந்தவர். தண்ணீர் வண்டி வரும்போது மட்டும் எல்லோரும் குடத்தோடு வெளியே வருவார்கள். வண்டி போனதும் கேட்டைச் சாத்திக்கொள்வார்கள். அது எனக்கு வசதியாகவே இருந்தது.

எதிர் வீட்டில் புருசன் பொண்டாட்டி ரெண்டே பேர். தறிக்காரக் குடும்பம், வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள். ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சொந்தபந்தமெல்லாம் அருப்புக்கோட்டை டவுனுக்குள், பழைய தெருக்களில். இவர்கள் மட்டும் சொந்த வீடு வேண்டும் என்று இந்தப் பொட்டலுக்கு வந்திருந்தார்கள். பால், தண்ணீர், கடை கண்ணி எல்லாம் அந்த அண்ணன்தான் பார்ப்பார். அக்காவை வாசலில் பார்ப்பதே அபூர்வம். நான் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது அண்ணன் கேட்டருகே நின்று, வேலை முடிஞ்சதாம்மா என்று கேட்பார். நான் தலையை ஆட்டுவேன். எங்கள் பழக்கம் அவ்வளவுதான்.

அந்த அண்ணன் ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோ பிடிக்கச் சொல்லியிருக்கிறார். ஆட்டோ வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அன்றைக்குக் கடையில் சரக்கு இறங்குகிற நாள், லீவு போட முடியவில்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, சாப்பாட்டுப் பையோடு அப்படியே கேதம் கேட்கப் போனேன். எடுத்துவிட்டிருந்தார்கள். கூடத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா சுவரில் சாய்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை. நானும் ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். காலை நீட்டி உட்கார்ந்ததே அப்போதுதான், கண் சொருகியது. இங்கே தூங்கித் தொலைத்துவிடப் போகிறோமே என்ற பயத்தில் சட்டென்று எழுந்தேன். எழுந்த வேகத்தில் பழக்க தோஷம், "அப்ப போயிட்டு வாரேன்க்கா" என்று வாய் சொல்லிவிட்டது.

கூடமே திரும்பிப் பார்த்தது. தெரு முக்குக் கடைக்காரம்மா என் முழங்கையைப் பிடித்துத் தரதரவென்று வாசலுக்கு இழுத்து வந்தாள்.

"கேத வீட்ல வாரேன்னு சொல்லலாமா? இன்னொரு சாவுக்கு வாரேன்னா சொல்லுற?"

எனக்குத் தெரியாதா என்ன? துக்க வீட்டிலிருந்து சொல்லாமல்தான் கிளம்ப வேண்டும் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். மற்ற எங்கேயும் போறேன் என்று சொல்லக் கூடாது, வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து அடித்து அடித்துப் பழக்கியது இந்த நேரம் பார்த்து வேலையைக் காட்டிவிட்டது. வெட்கத்தில் செத்தேன். அதைவிடக் கோபம். பேசாமல் இருந்த வரைக்கும் வம்பில்லை. பழகு பழகு என்றாரே மனுசன், பழகின லட்சணத்தைப் பார்க்க அவர் ஊரில் இல்லை.

காரியம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் டவுனுக்குப் போய்விட்டார்கள். மகளும் திருப்பூருக்குக் கிளம்பினாள். தெருப் பெண்கள் யாரும் அந்த வீட்டுக்குப் போகவில்லை. காலையில் வெளியே கிளம்புகிறவர்கள் அந்த வாசலைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நானும் தலையைத்தான் திருப்பினேன். என் காரணம் வேறு.

அக்கா சாயங்காலமானால் கேட்டருகே வந்து நின்றாள், சரியாக நான் வருகிற நேரத்துக்கு. என்னை நாலு வார்த்தை கேட்கத்தான் நிற்கிறாள் என்று முடிவு செய்துகொண்டேன். வாங்கிக்கட்டிக்கொள்ளத் தெம்பில்லை. அதனால் தெருவுக்குள் வராமல் காலி மனைகள் வழியாகச் சுற்றிப் பின்வாசலுக்குப் போக ஆரம்பித்தேன். ஒரு நாள் கருவேல முள் செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறியது. நொண்டிக்கொண்டே நின்று, சீ இது என்ன பிழைப்பு என்று எனக்கே வந்துவிட்டது. மறுநாள் நேர் வழியாகவே நடந்தேன். திட்டினால் திட்டட்டும்.

அக்கா கேட்டைத் திறந்துகொண்டு எதிரே வந்தாள்.

"ஏம்மா, வாரேன்னு சொல்லிட்டுப் போனியே?"

தெரியாமல் வாயில் வந்துவிட்டது, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று என்னென்னவோ உளறினேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"வந்தவுக எல்லாரும் சொல்லாமத்தான் போனாக. ஒருத்தரும் திரும்ப வரல. நீ ஒருத்திதான் வாரேன்னு சொன்ன. அதான் ஒன் பஸ்ஸு வர்ற நேரத்துக்கு வந்து நிக்கிறேன். பஸ்ஸ மாத்திட்டியோன்னு நெனச்சேன்."

குதிகால் விண்விண்ணென்று தெறித்தது. நொண்டிக்கொண்டே அவள் பின்னால் வீட்டுக்குள் போனேன்.

அடுப்படியில் புது கேஸ் சிலிண்டர் சீல்கூடப் பிரிக்காமல் நின்றது. அண்ணன்தான் எப்போதும் மாட்டுவாராம். இவளுக்கு மாட்டத் தெரியாது, பயம். கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி, கருவேலங்குச்சியை வைத்து இத்தனை நாளும் கஞ்சி காய்ச்சிக் குடித்திருக்கிறாள். சுற்றி இத்தனை வீடு இருக்கிறது. எதிரே நானும் இருக்கிறேன். இதை மாட்டிக்கொடு என்று கேட்க அவளுக்கு ஓர் ஆள் இல்லை.

பையை இறக்கி வைத்துவிட்டு சிலிண்டரை மாட்டினேன். அடுப்பு பற்றியதும் அக்கா காபி போட்டாள். இருவரும் தரையில் உட்கார்ந்து குடித்தோம். வேலை முடிஞ்சதாம்மா என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள். அண்ணன் கேட்பது உள்ளே இவளுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

என் வீட்டில் உலை வைக்க வேண்டும், துணி ஊறிக் கிடக்கிறது. உடம்பு கெஞ்சியது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுந்தேன். இந்தத் தடவை ஜாக்கிரதையாக இருந்தேன். வாயை இறுக மூடிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வாசலில் இறங்கிச் செருப்பை மாட்டினேன்.

அக்கா கதவைப் பிடித்தபடி பின்னால் வந்து நின்றாள்.

"சொல்லிட்டுப் போம்மா."

"போயிட்டு வாரேன்க்கா," என்றேன்.