மயிலத்தில் பூ போட்ட கணக்கு

சித்தி திண்டிவனம் கல்லூரியில் கணக்குப் படித்த கடைசி வருடம், நான் மூன்றாம் வகுப்பு. இறுதிப் பரீட்சையில் அவளுக்கு இயற்கணிதமும் நிகழ்தகவும். இயற்கணிதத்தைத் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொள்வாள். நிகழ்தகவுக்கு மட்டும் ஒரு ஆள் வேண்டும். எங்கள் விழுப்புரம் வீட்டில் வேலைவெட்டி இல்லாத ஆள் நான் ஒருத்திதான்.

டம்ளரில் மல்லாட்டைப் பருப்பு, வேர்க்கடலைதான், போடுவாள். தோலோடு சிவப்பு பாதி, தோலுரித்த வெள்ளை பாதி. நான் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வர வாய்ப்பு அரை என்பாள். எல்லாமே சிவப்பாகப் போட்டு நீட்டினால் வாய்ப்பு ஒன்று.

“ஒண்ணுன்னா அதுதான் வரும்டி. சாமியே வந்து எடுத்தாலும் அதுதான்.”

கணக்கு முடிந்தால் பருப்பு எனக்கு. அதனால் அந்தப் பாடத்தில் எனக்கு ஏக ஈடுபாடு.

அப்போதுதான் மாமா, சித்தியின் அண்ணன், அனந்தபுரத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்தார். அவர்கள் குறித்த முகூர்த்தம் பரீட்சை வாரத்தில் விழுந்தது. பரீட்சை எழுதினால்தான் சித்தி டீச்சர் படிப்புக்குப் போக முடியும். சோற்றை ஒதுக்கிவிட்டு அழுதாள்.

“எழுதிட்டு வந்து கட்டிக்கிறேண்ணா. கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்க.”

மாமா கோபப்படவில்லை. “எனக்கு எதுக்கும்மா பொல்லாப்பு? மயிலத்துல பூ போட்டுப் பாத்துடலாம். முருகன் என்ன சொல்றாரோ அதான்” என்றார்.

சாமி சொன்னால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை. சித்தியும் தலையாட்டினாள். அரை வாய்ப்பாவது இருக்கிறதே என்று நினைத்திருப்பாள், பாவம்.

சிவப்பு அரளி வந்தால் கல்யாணம், வெள்ளை நந்தியாவட்டை வந்தால் பரீட்சை. மயிலம் கோயிலில் மாமா தூணுக்கு அந்தப் பக்கம் போய்ப் பூக்களைத் தாளில் மடித்துக்கொண்டு வந்தார். இரண்டு பொட்டலங்களையும் சாமி முன்னால் வைத்தார்கள். குழந்தை கையால் எடுப்பதுதான் வழக்கம் என்று என்னை முன்னே விட்டார்கள். பழகிய பழக்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். சிவப்பு. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மற்றதை மாமா சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் மாமா செல்போனை எடுத்தபோது அந்தப் பொட்டலம் சித்தியின் மடியில் விழுந்தது. பிரித்தாள். அதிலும் சிவப்பு அரளி. மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா இல்லாத தங்கையை வளர்த்து ஆளாக்கிய அண்ணன். அவரை என்னவென்று கேட்பாள்? விளையாட வேண்டும் என்று நான் அந்தப் பூவைக் கேட்டேன். கொடுத்துவிட்டாள்.

அவள் முகம் வாடிக் கிடந்தது எனக்குத் தாங்கவில்லை. சந்தோஷப்படுத்தலாம் என்று, “நான் எடுத்ததுல சிவப்பு வர வாய்ப்பு அரைதானே சித்தி?” என்றேன்.

“இல்லடி. ஒண்ணு.”

எனக்குப் பகீரென்றது. எனக்கே தெரிந்த கணக்கு இவளுக்கு மறந்துவிட்டது. இப்படி இருந்தால் பரீட்சையில் என்ன எழுதப்போகிறாள் என்று விழுப்புரம் வரும்வரை கவலைப்பட்டுக்கொண்டே வந்தேன்.