ஒன்பதாம் நம்பர் மலையில் ஒரு வர்ணனை

கதை எழுதுகிற தொழிலில் சம்பளம் கிடையாது, அடி மட்டும் தவறாமல் விழும். தேயிலை ஆலையில், எங்கள் பேச்சில் ஸ்டோரில், இராத்திரி முழுக்கக் கொழுந்து அரைக்கும் ரோலரோடு நின்றுவிட்டு, விடிந்ததும் கண்ணெரிச்சலோடு வர்ணனை எழுத உட்கார்ந்தவர் உங்களில் யாராவது இருந்தால், இதையெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை.

மணல்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஹட்டன் கடையில் சாமான் சுற்றித் தரும் பத்திரிகைத் தாள்களில்தான் கதை படித்தேன். அந்தத் தாள்களில் எல்லாரும் கடற்கரையில் காதலித்தார்கள். அதனால் கடலையே காணாத நானும் என் கதாநாயகனை நிலா வெளிச்சத்தில் கடற்கரையில் நடக்கவிட்டேன்.

கூட வேலை செய்யும் ஆரோக்கியத்துக்கு அதை வாசித்துக் காட்டினேன். அவன் தலைமன்னாரில் கடல் பார்த்தவன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அண்ணே, மணல்ல காலு பொதையாதா? இந்த ஆளு நம்ம ஸ்டோரு சிமிந்தித் தரையில போற மாதிரியில்ல சடசடன்னு போறாரு!"

தபாலட்டை

கொழும்புப் பத்திரிகை ஒன்று என் கதைகளை வரிசையாகத் திருப்பி அனுப்பியது. கடைசியில் ஆசிரியர் கைப்பட ஒரு தபாலட்டை வந்தது. பாராட்டு என்று நினைத்து லயத்து வரிசை வீட்டு வாசலிலேயே நின்று படித்தேன். தூக்கிவாரிப் போட்டது. "உமது தாமரைக் குளமும் கடற்கரையும் போதும். தினம் பார்க்கும் இடத்தை எழுதும். வாசகன் யாரிடமும் வழி கேட்காமல் அங்கே போய்ச் சேர வேண்டும்."

மூன்று படி

பக்கத்துக் காம்பராவில் இராக்கம்மா அக்கா இருந்தார். புருஷன் இல்லை. கொழுந்து பறிக்கக் கை சரியாக விளங்காமல் போனதும் தோட்டத்து வேலைக் கணக்கில் பேரை வெட்டிவிட்டார்கள். பேர் இல்லாதவர் தோட்டத்தில் மாடு வளர்க்கக் கூடாது என்பது தொரையின் சட்டம். அக்கா ஒரு மாட்டை ஒன்பதாம் நம்பர் தேயிலை மலைக்குப் பின்னால் ஒளித்து வளர்த்தார். கடைவீதி டீக்கடைக்கு ஊற்றும் பால்தான் அவருக்குச் சோறு. ஒருநாள் முழங்கால் வலிக்கிறது என்றார், புல்லுக்கட்டை நான் சுமந்துகொண்டு அக்காவோடு போனேன். அப்படித்தான் அந்த இடத்தைப் பார்த்தேன்.

பார்த்ததை எழுதினேன். உடைந்த தண்ணீர்ப் பீலிக்கு இடப்பக்கம் இறங்கும் ஒற்றையடிப் பாதை, பாசி பிடித்த மூன்று கற்படி, இடி விழுந்து பாதி கருகிய சவுக்கு மரம், தூரத்துக்குப் புதர் போலத் தெரியும் மானாப்புல் வேய்ந்த தொழுவக் கூரை. இராக்கம்மாவைப் பூங்கோதை ஆக்கினேன். மாட்டின் நிறத்தைக்கூட மாற்றினேன். எவ்வளவு தந்திரக்காரன் நான் என்று எனக்கே பெருமை! கதை அச்சில் வந்தது. ஆரோக்கியம் இரண்டு தரம் படித்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டான்: "அண்ணே, சாணி நாத்தம்கூட வருதுண்ணே!"

பெரிய கிளாக்கர்

மறுநாள் காலை வேலை விட்டு இறங்கும்போது ஆபிசுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர், நிறையப் படிப்பவர். மேசையில் என் கதை கிடந்தது. பாதை வருகிற வரிகளின் கீழே சிவப்பு மையில் கோடு. பாராட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

முதல்நாள் சாயந்தரம் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு, வாச்சரையும் கூட்டிப்போய், பீலியிலிருந்து படிப்படியாக நடந்து பார்த்தாராம். தொரைக்கும் சொல்லியாயிற்றாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் மாடு தோட்டத்தை விட்டுப் போக வேண்டும். "ஐயா, அது கற்பனைங்க" என்றேன். அப்புறம், "அந்தம்மாவுக்கு அதுதாங்க சோறு" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமே இல்லாமல், ஏதோ கணக்குச் சரிபார்க்கிறவர் போலச் சொன்னார்: "கதையிலை கறுப்பு மாடு எண்டு எழுதியிருக்கிறீர், அது சிவலை. மற்றதெல்லாம் சரியாயிருக்கு."

கல்பாலம் வரை

கீழே கொத்மலைப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் ஒருவருக்கு மாட்டைக் கொடுக்க அக்கா ஏற்பாடு செய்தார். பாதி வழி கயிற்றை நான் பிடித்துக்கொண்டேன். என்னால்தான் இப்படி ஆயிற்று என்று நடந்துகொண்டே சொன்னேன். அவர் திட்டவில்லை. பால் ஊற்றிய கடையிலேயே இனிப் பாத்திரம் கழுவும் வேலை கேட்டிருப்பதாகச் சொன்னார். வழியில் ஒரு சின்னக் கல்பாலம் வந்ததும் அதன் கட்டையில் உட்கார்ந்து, "அத வாசிங்க, கேப்போம்" என்றார். அக்காவுக்கு எழுத்துத் தெரியாது.

சட்டைப் பையிலிருந்து எடுத்து வாசித்தேன். மாடு பக்கத்தில் புல் கடித்துக்கொண்டிருந்தது. "ஆமா, மூணு படிதான்" என்று ஓரிடத்தில் தலையாட்டினார். முடிந்ததும் என் முகத்தையே பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "படி, பாசி, கூரைன்னு இம்புட்டையும் பாத்தீங்களே தம்பி, எவனாச்சும் வந்துருவானோன்னு நடுங்கிக்கிட்டு நின்ன என்னைய மட்டும் பாக்கலியா?"

ஓர் இடத்தை உள்ளபடி எழுத எனக்குப் பதினொரு வருஷம் பிடித்தது, எழுதலாமா என்று கேட்கப் பழகுவதற்கு இன்னொருவருடைய மாடு செலவாயிற்று.