செவுள் சிவந்த வாட்ச்

இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு தேசிங்கு ஒரு தெர்மாகோல் பெட்டியுடன் வந்து நின்றார். மீன் என்று நினைத்து என் மனைவி பாத்திரம் எடுக்கப் போய்விட்டாள். பெட்டிக்குள் பாலிதீன் கவர். கவருக்குள் ஈரமில்லாத துண்டு. துண்டுக்குள்... ஒரு கைக்கடிகாரம்.

"ஐஸ் போடல சார்" என்றார், நான் கேட்பதற்கு முன்பே.

தேசிங்கு திருவொற்றியூரில் எங்களுக்குப் பின் தெரு. காசிமேட்டில் மீன் ஏலம் விடுபவர். படகிலிருந்து இறங்கும் கூடையில் ஒரு மீனை எடுப்பார், செவுளைத் தூக்குவார், ஒரு நொடி பார்ப்பார். உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தால் 'புதுசு' என்பார். அதற்குப் பிறகு யாரும் கூடையைக் கிளறுவதில்லை.

அவர் சொன்னது தப்பாகிவிட்டால்? கூடை அவருடையது. வாங்கியவரிடமிருந்து திரும்பப் பெற்று, தானே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார். அன்று அவர் வீட்டில் அந்த மீன்தான் குழம்பு. இருபது வருடத்தில் மூன்று முறை அப்படிச் சாப்பிட்டிருக்கிறார். என்ன மீன், என்ன மாதம் என்பது வரை சொல்வார்.

வாட்சுக்கு வருவோம். விலை உயர்ந்த சுவிஸ் வாட்ச். பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். கப்பல் வேலையிலிருந்து ஊர் திரும்பிய ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மகள் கௌரிக்கு அந்த வாரம் வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். சபையில் மாப்பிள்ளை கையில் கட்டுவதாக வாக்கு கொடுத்திருந்தார்.

மாப்பிள்ளை எதையும் கேட்கவில்லை. கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். மணியை போனில் பார்க்கிற பையன். சந்தேகப்பட்டது மாப்பிள்ளையின் தாய்மாமன், எர்ணாவூர் வேலு. வெளிநாட்டுக் கப்பல்களில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்ணுக்குப் பூ வைத்த அன்று, முப்பது பேர் நடுவில், நம் பக்கம் கைமாறி வரும் வாட்சில் ஒரிஜினல் ஏது என்று கேட்டுவிட்டார்.

தேசிங்கு அதே முப்பது பேர் நடுவில் பதில் சொன்னார். "நான் தொறந்து பாத்துட்டேன் சம்பந்தி. உள்ள செவப்பா கீது."

அதாவது, மீன் வெட்டும் கத்தியால் வாட்சின் பின்மூடியை நெம்பித் திருகித் திறந்திருக்கிறார். உள்ளே சின்னச் சின்னதாகச் சிவப்புக் கற்கள். செவுள் சிவப்பு — புதுசு! அதோடு நிற்கவில்லை. செவுளில் சாயம் பூசி ஏமாற்றும் ஆட்களை அவருக்குத் தெரியும். எனவே விரலை எச்சிலில் நனைத்து, கற்களைத் தேய்த்துப் பார்த்திருக்கிறார்.

சாயம் வரவில்லை.

திறந்த அன்று முதல் வாட்ச் ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் வேகமாக ஓடுகிறது. அதையும் அவர் ஒரு நல்ல குணமாகத்தான் சொன்னார். நல்ல இன்ஜின் போட்ட படகு வேகமாகப் போகாதா?

ஆனாலும் வேலுவின் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. வாட்ச் டூப்ளிகேட் என்றால் போவது வாட்ச் மட்டுமில்லை. அந்த முப்பது பேரில் பாதிப் பேர் தினமும் அவர் குரலை நம்பிக் கூடை எடுப்பவர்கள். ஒரு வாட்சைத் திறந்து பார்த்துக் கோட்டை விட்டவன் சொல்லும் 'புதுசு'க்கு என்ன மரியாதை?

தெருவில் எல்லோரும் ஏற்கெனவே வாட்சைப் பரிசோதித்திருந்தார்கள். ஆட்டோ ஓட்டும் குமார் காதில் வைத்துக் கேட்டு, சத்தம் ஸ்மூத்தாக இருக்கிறது என்று சான்று கொடுத்தார். ஓய்வு பெற்ற வங்கி மேனேஜர் ஒருவர் வாட்சைத் தொடவே இல்லை. விற்றவரின் ஆதார் ஜெராக்ஸ் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

நான் என்ன செய்தேன்? கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டயலில் இருந்த எழுத்துகளைப் படித்தேன். எழுத்துப்பிழை இல்லை. ஒரிஜினல்தான் போலிருக்கிறது என்றேன். முப்பது வருடம் பத்திரிகை ஆபீஸில் இருந்தவனுக்கு வேறு என்ன பரிசோதனை தெரியும்?

மறுநாள் மூன்று பேராகக் கல்மண்டபம் கடைத்தெருவுக்குப் போனோம். தேசிங்கு, நான், சாட்சிக்கு வேலு. அங்கே ஒரு மொபைல் கடையின் மாடியில் நஸ்ரின் என்ற பெண் வாட்ச் சர்வீஸ் செய்கிறார். முப்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார்.

வாட்சை, சின்ன மைக் வைத்த ஒரு பெட்டியில் மாட்டினார். திரையில் புள்ளிகள் மழைச்சாரல் போல் சிதறின. நல்ல மெஷின் என்றால் நேர்கோடு வருமாம். பிறகு அதற்கென்று உள்ள சாவியால் மூடியைத் திருகித் திறந்து, கண்ணில் லென்ஸை வைத்துக் குனிந்தார். நிமிரவே இல்லை.

கடைசியில் இடுக்கியால் எதையோ எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வைத்தார். "இது கம்பெனில வர்றது இல்ல அண்ணே."

மீன் செதில்.

வேலுவும் தேசிங்கும் குனிந்து பார்த்து, ஒரே நேரத்தில் "சங்கரா" என்றார்கள். இரண்டு சம்பந்திகளும் அதுவரை ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

"செவப்புக் கல்லு பாத்தியாம்மா?" என்றார் தேசிங்கு.

"அது எல்லா மெஷின்லயும் இருக்கும் அண்ணே. ஆயிரம் ரூபா வாட்ச்லயும் இருக்கும்."

கம்பெனி பெயர் பொறித்த தகட்டை நஸ்ரின் ஒரு பிளாஸ்டிக் குச்சியால் லேசாகத் தள்ளினார். தகடு நகர்ந்தது. அது மெஷினின் பாகமே இல்லை. அழகுக்கு மேலே வைத்தது. அடியில் வேறு ஏதோ ஊர்பேர் தெரியாத மெஷின். பொறித்த எழுத்தும் மழுங்கல். அசல் கம்பெனி அப்படி விடாது என்றார். வேகத்துக்கும் காரணம் சொன்னார். தலைமுடி போன்ற ஒரு ஸ்பிரிங்கில் எண்ணெய்ப் பிசுக்கு. சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் அவசரமாக ஓடுகிறதாம்.

தேசிங்கு தன் விரலைப் பார்த்துக்கொண்டார்.

நஸ்ரினுக்கு அவர் முகத்தைப் பார்க்க என்னவோ போல் இருந்திருக்க வேண்டும். பேச்சை மாற்ற, வேலுவின் கையைக் காட்டினார். அதிலும் ஒரு தடித்த வெளிநாட்டு வாட்ச். "உங்களதையும் குடுங்கண்ணே. காசு வேணாம், சும்மா பாத்துடலாம்."

வேலுவின் கை முதுகுக்குப் பின்னால் போனது. "இது... கப்பல்ல வாங்கினதும்மா. இத்த இன்னாத்துக்கு நோண்டிகினு."

தேசிங்கு அந்தக் கையைப் பார்த்தார். செவுளைப் பார்க்கிற அதே ஒரு நொடி. நான் எதிர்பார்த்தது ஒரு வார்த்தை. பூ வைத்த அன்று பட்டதற்கு வட்டியும் முதலுமாக ஒரே ஒரு வார்த்தை.

"வுடும்மா" என்றார் தேசிங்கு. "ஏலத்துக்கு வராத கூடய நான் தொறக்கறதில்ல."

சுத்தம் செய்து தரட்டுமா என்று நஸ்ரின் கேட்டதற்கும் வேண்டாம் என்றுவிட்டார். இறங்கும்போது அந்த வாட்சை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் வாட்சைத் துண்டில் சுற்றிக்கொண்டு முன்னால் நடந்தார்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் தெரிந்தது. தாம்பூலம் மாற்றியதும் தேசிங்கு எழுந்து நின்றார். ஏலத்தில் நிற்பது போலவே, கால்களை அகட்டி. அதே முப்பது பேர். இன்னும் இருநூறு பேர்.

"இந்த வாட்ச நான் ஒரிஜினல்னு சொன்னேன். இல்ல. கூடை என்னுது."

சொல்லிவிட்டு, வாட்சை எடுத்துத் தன் கையிலேயே கட்டிக்கொண்டார். பிறகு காசிமேட்டுக்காரர்கள் பக்கமிருந்து ஒரு பெரியவர், "சரி, எல போடு" என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு. மாப்பிள்ளை முகத்தில் தெரிந்தது வருத்தமா, நிம்மதியா? நிம்மதி என்றுதான் எனக்குப் பட்டது. வேலு எதிர் வரிசையில் அமைதியாகச் சாப்பிட்டார். அந்த வெயிலில், மணிக்கட்டு வரை பட்டன் போட்ட முழுக்கைச் சட்டையில்.

ஒவ்வொருவரிடமும் ஒரு பரிசோதனை இருக்கிறது. பிழைப்பு கற்றுக்கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு உலகத்தில் உள்ள எல்லாவற்றின் செவுளையும் தூக்கிப் பார்க்கிறோம். அது தவறிப்போகிற நாள் எல்லோருக்கும் வரும். அன்று கூடையை வீட்டுக்குத் தூக்கிப் போகிறவர்கள்தான் குறைவு.

தேசிங்கின் பேச்சுக்குக் காசிமேட்டில் இப்போது முன்பைவிட மரியாதை அதிகம் என்று கேள்வி. வாட்ச் இன்னும் அவர் கையில்தான். தினமும் காலை ஒன்பது மணிக்குச் சரியாகத் திருப்பி வைக்கிறார்; மறுநாள் விடியற்காலைக்குள் அது அரை மணி நேரம் முன்னால் போய்விடுகிறது. அவர் அதைப் பார்த்துத்தான் ஏலத்தைத் தொடங்குகிறார்.

நேற்று நான் சரியான நேரத்துக்குத்தான் போனேன்... வஞ்சரம் தீர்ந்துவிட்டிருந்தது.